டீச்சர் இப்பத்தான் போனாவ

கதவு திறந்து கிடந்தது. அவ்வளவுதான். சிலிண்டர்காரன் வந்தான், காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனான், நான் அடுப்படியில் ரெகுலேட்டரை மாட்டிச் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்துக் கசிகிறதா என்று குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து வந்தால் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. வெளிக்கதவுச் சங்கிலி கொக்கியில் ஏறாமல் தொங்குகிறது. லீதியாள் என்று கூப்பிட்டேன். கூப்பிட்டால் வருகிற ஆளா இப்போது. அவள் பேர் அவளுக்குச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. என் பேர் தெரியவே தெரியாது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன், பின்னால் முருங்கை மரத்து மூட்டில் பார்த்தேன். கைப்பையைக் காணோம். பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், வேலைக்குப் போகிறவள் மாதிரி. செருப்பு கிடக்கிறது. மத்தியான வெயிலில் தார் ரோட்டில் வெறுங்கால். சட்டையைப் போட்டேனா, போட்டேன், பொத்தான் மாறிப்போய் ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது, நிற்கட்டும். தெருமுனையில் செல்லப்பா டீக்கடை. நின்று கேட்டால் ஏன் என்பான். நிற்காமலே கேட்டேன், டீச்சர் இந்தப் பக்கம் வந்தாளா என்று. "டீச்சர் இப்பத்தான் போனாவ அண்ணாச்சி. பையும் கையுமா, நல்ல வேகமா. வணக்கம் சொன்னேன், தலைய ஆட்டிட்டுப் போனாவ." எந்தப் பக்கம் வே. "பள்ளிக்கூடத்துப் பக்கம். ஏன், சண்டையா? இந்த வயசுலயும் டீச்சர் பின்னால ஓடுதீரே." பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். சோறு ஆறுது, அதான் என்றேன். எவ்வளவு லேசாக வருகிறது பொய். ஒரு வருசமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. தூங்குறா. குளிக்கிறா. மூட்டு வலி, அதான் கோயிலுக்கு வரலை. மகள் பியூலா பெங்களூரிலிருந்து கூப்பிட்டால் அம்மா ஜெபத்துல இருக்கா. ஜெபம் என்றால் மகள் வற்புறுத்தமாட்டாள், அது தெரிந்துதான் சொல்கிறது. அம்மா இவ்வளவு நேரமாப்பா ஜெபம் பண்ணுதா என்றாள் ஒரு நாள். ஆமா, உனக்காகத்தான் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சேலை நுனியைச் சவைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள்தான் சொல்லச் சொன்னாள். நானாகச் சொல்லவில்லை. அறிவு இன்னும் பாதி இருந்த நாளில், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "யாருகிட்டயும் சொல்லக் கூடாது. இந்த ஊருல பாதிப் பேரு என்கிட்ட படிச்சவன். ஐயோ பாவம்னு ஒருத்தன் என்னைப் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். சத்தியம் பண்ணாதே என்று ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்னிடம் சத்தியம் கேட்டாள். சரி என்றேன். எனக்கு நீட்டிப் பேச வராது. சரி என்றால் சரி. அந்தச் சரி இப்போது கழுத்தில் கிடந்து இறுக்குகிறது. சொல்லியிருந்தால் செல்லப்பா கையைப் பிடித்து உட்கார வைத்து ஒரு டீ கொடுத்திருப்பான். எனக்கு ஆள் விட்டிருப்பான். சொல்லவில்லை, அதனால் வணக்கம் போட்டு வழிவிட்டான். அவள் நாற்பது வருசமாக இந்தத் தெருவில் இப்படித்தான் போகிறாள், பையும் கையுமாக, வேகமாக, எவனையும் நின்று பார்க்காமல். யாருக்குச் சந்தேகம் வரும். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்றான். ஹெச்செம் அம்மா வந்தாவளே, உள்ள போயி ஒரு சுத்து சுத்திட்டு ஆறாங் கிளாசில எட்டிப் பாத்துட்டு வெளிய போயிட்டாவ என்றான், பெருமையாக. ரிட்டயர் ஆகிப் பத்துப் பதினைந்து வருசம் ஆன பிறகும் ஹெச்செம் அம்மா. அந்தச் சுவர், அந்தக் கேட்டு, எல்லாம் அவள் காலத்தில் வந்தது. தேரிக்காட்டு வீடுகளுக்கு நடந்தே போவாள். செம்மணலில் கால் புதையும். வயசுக்கு வந்த பிள்ளையை இனிமேல் அனுப்பமாட்டோம் என்று சொன்ன வீட்டுவாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். பேச மாட்டாள். தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டாள். பிள்ளையின் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தால்தான் எழுந்திருப்பாள். ராத்திரிச் சோறு நான்தான் வடிப்பேன். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறிவிட்டு வந்தவன் சோறு வடிக்கிறேன், இவள் தேரியில் உட்கார்ந்திருக்கிறாள். எங்க போய்த் தொலைஞ்ச என்று கத்துவேன். ஒரு பிள்ளையக் கூட்டியாரப் போனேன் என்பாள். இப்போது என்னத்தைக் கூட்டிவரப் போனாய். எந்தப் பிள்ளையை. ஆறாம் வகுப்பில் யார் இல்லை என்று கண்டாய். தேரி ஓரத்தில் கிணறுகள் இருக்கின்றன. பாதிக் கிணற்றுக்குச் சுவர் இல்லை. அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் அதைத்தான் நினைக்கிறது. வெட்டவெளியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற கிணறு, உள்ளே பச்சைத் தண்ணீர், பக்கத்தில் ஒரு கைப்பை.

"அண்ணாச்சி, டீச்சரையா தேடுதீங்க?" மொபெட்டில் லிங்கதுரை. மீன்காரன். வெறும் கூடை பின்னால் ஆடுகிறது. "நான்லா கொண்டு விட்டேன். வெயில்ல நடந்து வந்தாவ, பாக்கப் பொறுக்கல. ஏறுங்க டீச்சர்னேன். மீன் நாத்தம்னு ஒரு வார்த்தை சொல்லல, ஏறிட்டாவ. எங்க போணும்னேன். நேரா போ, நேரா போன்னாவ. வாய்க்கால் பாலத்துல இறங்கிட்டாவ. என் வாழ்க்கையில இன்னைக்குத்தான் அண்ணாச்சி டீச்சரை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். அன்னைக்கு எத்தனை அடி வாங்கிருப்பேன் அவுக கையில." பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவனை அந்த மொபெட்டோடு சேர்த்து வாய்க்காலில் தள்ளலாம் போல இருந்தது. என்ன செய்தான் அவன். நல்லதுதான் செய்தான். எல்லாரும் நல்லதுதான் செய்கிறார்கள். ஒவ்வொருவனும் மரியாதை கொடுத்துக் கொடுத்து அவளை இன்னும் கொஞ்சம் தூரத்துக்குத் தள்ளி விடுகிறான். என்னையும் ஏற்று என்றேன். சாளை மீன் நாற்றம். அவள் இந்த சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கம்பியைத்தான் பிடித்திருப்பாள். கம்பியைப் பிடித்தேன், வெயிலில் பழுத்துக் கிடந்தது. விடவில்லை. காலையில் அவளைக் குளிப்பாட்டினேன். அதில்தான் ஆரம்பம். தினமும் சண்டை. தண்ணீரை மொண்டாலே உதறுவாள். இன்றைக்குக் கையைத் தட்டிவிட்டு, "நீங்க யாரு? பொம்பளைங்க யாருமில்லையா இந்த வீட்டுல?" என்றாள். வெட்கம். அந்தக் கண்ணில் அப்படி ஒரு வெட்கமும் பயமும். கலியாணம் ஆன முதல் நாள்கூட இவ்வளவு வெட்கம் இல்லை. சும்மா இரு என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அழுத்திப் பிடித்துவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, அவளுக்கே தெரியும், தெரிந்த காலத்தில். எத்தனை பேரை அவள் குளிப்பாட்டியிருக்கிறாள். ஊரில் எந்தப் பொம்பளை செத்தாலும், மகள் இல்லாதவள், சொந்தம் தொடத் தயங்குகிற நோய்க்காரி, யாரானாலும், இவள்தான் போய்க் குளிப்பாட்டி வெள்ளை உடுத்தி விரலைக் கோத்து வைப்பாள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் வீட்டு ஆட்களிடம் ரெண்டு வார்த்தை கேட்பாள். என்ன சாப்பாடு பிடிக்கும், யாரிடம் கோபமாக இருந்தாள், எதற்குச் சிரிப்பாள். பிணத்துக்கு எதுக்குடி விசாரணை என்று கேட்டிருக்கிறேன். "தெரியாத ஆளைத் தொடக் கூடாதுங்க. தெரிஞ்சுக்கிட்டா கை தானா மெதுவாப் போகும்" என்றாள். தெரியாத ஆளைத் தொடக் கூடாது. இன்றைக்கு ஒரு தெரியாத கிழவன் அவள் தோளைப் பிடித்து அழுத்தினான். ஓடாமல் என்ன செய்வாள்.

பாலத்தில் இறங்கினேன். லிங்கதுரை போகாமல் நின்றான். போ வே, ஜோலியப் பாரு என்றேன். வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக ஓடுகிறது. ஆகாயத்தாமரை ஒரு பக்கம் அடைத்துக் கிடக்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எதைத் தேடிப் பார்க்கிறோம் என்று மனசுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் இன்றைக்கு என்ன கலர் சேலை. நான்தானே கட்டிவிட்டேன். பச்சையா. நீலமா. நான்தானே இந்தக் கையால் மடிப்பு வைத்தேன். ஐயோ, என்ன கலர். நீலம். நீலம்தான், ஓரத்தில் காபி கறை. அவளுக்குத்தான் மறதி நோய் என்றால் எனக்கும் தொற்றிக்கொண்டதா. ரெண்டு பேரும் மறந்துவிட்டால் அவள் இருந்தாள் என்று யாருக்குத் தெரியும். கீழே படியில் ஒரு பொம்பளை துணி அலசிக்கொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு கைப்பிள்ளை. அவளிடம் கேட்டேன். "டீச்சரம்மாவா? இப்பத்தான் போனாவ பாட்டையா. பிள்ளைக்குக் காச்சல், அவுகட்ட சொன்னேன். தலையில கைய வச்சு ஜெபம் பண்ணிட்டுப் போனாவ. நல்ல நீளமான ஜெபம். எங்களுக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான், ஆமென்னு நானும் சொன்னேன்." எந்தப் பக்கம் போனாள். ஈரக் கையால் அந்தப் பக்கமும் காட்டினாள், இந்தப் பக்கமும் காட்டினாள். கவனிக்கல பாட்டையா, பிள்ளை அழுதுது. ஜெபம் தப்பாமல் வந்ததா என்று கேட்க வாய் வந்தது. வந்திருக்கும். அது மட்டும் போகவில்லை. தன் பேர் போனது, மகள் பேர் போனது, நான் போனேன், ஜெபம் போகவில்லை. அவள் நினைவில் என்னை அழித்துவிட்டு உன்னை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாயே, நியாயமா என்று மேலே பார்த்துக் கேட்டேன். நான் கேட்டுப் பழக்கமில்லை. கோயிலுக்குப் போகிறவன் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமை அவளை வாசலில் விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் பேப்பர் படிப்பேன். ஒரு ஞாயிறு கோயிலில் கரண்ட் போய்விட்டது, எதிரே இருந்த கம்பத்தில் ஏறினேன். ஆராதனை முடிந்து சனம் எல்லாம் வெளியே வருகிறது. இவள் நேரே கம்பத்து மூட்டில் வந்து நின்று அண்ணாந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆண்டவருக்கு இவ்வளவு பக்கத்துல ஏறிப் போனீங்களே, ஒரு வார்த்தை பேசிட்டு இறங்கக் கூடாதா?" என்றாள். பெரிய சிரிப்பு. எனக்குக் கோபம். கோபத்தில் கட்டிங் பிளேயரை நழுவ விட்டேன், அது அவள் காலடியில் விழுந்தது. எடுத்து முந்தானையில் துடைத்து வைத்துக்கொண்டாள். இறங்குங்க, தாரேன் என்றாள். இப்போது கேட்கிறேன், லீதியாள். பேசுகிறேன் அவனிடம். கெஞ்சுகிறேன். மேலே ஒரு பருந்துதான் சுற்றுகிறது.

வெயில் சாய்கிறது. இருட்டினால் முடிந்தது. ரெண்டு பக்கமும் ஓட எனக்குக் கால் ஒன்றுதான் நல்ல கால். போலீசுக்குப் போகலாம். போனால் போட்டோ கேட்பான், அடையாளம் கேட்பான், மறதி நோய் என்று நானே வாயால் சொல்லவேண்டும், எழுதுகிறவன் டீச்சரிடம் படித்தவனாக இருப்பான். கோயில் கோபுரத்து மைக் குழாயில் அறிவிக்கச் சொல்லலாம். லீதியாள் டீச்சரைக் காணவில்லை, அவர்களுக்கு நினைவு சரியில்லை, கண்டவர்கள் பிடித்து வைக்கவும். பிடித்து வைக்கவும். தொலைந்த மாட்டுக்குச் சொல்கிற மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டே அவள் எங்கேயாவது நடந்துகொண்டிருப்பாள், ஒரு நிமிசம் தெளிவு வந்து அது தன் பேர் என்று விளங்கிவிட்டால். அப்படித் தெளிவு வருவதுண்டு. வந்தால் அழுவாள். நான் சொன்ன சரி என்ன ஆவது. கோபுரம் இங்கிருந்தே தெரிகிறது. மணிக்கூண்டு. மணி. போன மாசம் சாவு மணி அடித்தது. இழுத்து இழுத்து, ஒன்று ஓய்ந்த பிறகு ஒன்று. சோற்றில் கை வைத்திருந்தவள் எழுந்துவிட்டாள். ஜாக்கெட் கொக்கி மாட்டத் தெரியாதவள், நேரே பீரோவுக்குப் போய்ப் பஞ்சுக் கட்டையும் கத்தரியையும் எடுத்துப் பையில் போட்டாள். யாருன்னு கோயில்ல கேட்டுட்டு வாரேன் என்றாள். அப்படித்தான் எப்போதும், மணி கேட்டால் முதலில் கோயில், அங்கே பேர் கேட்டு, அங்கிருந்து சாவு வீடு. நான் சங்கிலியைப் போட்டேன். கதவை எவ்வளவு நேரம் தட்டினாள். மணி கேக்கலையா உமக்கு, மணி கேக்கலையா என்று. அப்படியானால். அப்படியானால் என்று நினைத்ததும் நின்றுவிட்டேன். லிங்கதுரை இன்னும் போகாமல் நிற்கிறான், நல்லவேளை. கோயிலுக்கு விடு என்றேன். மொபெட்டில் ஏறினேன். உயிரோடு இருக்கிறவளுக்குச் சாவு மணி. அடித்த பிறகு அது பொய்யில்லாமல் போய்விட்டால். அந்த மணி எங்கேயோ ஒரு கிணற்றடியில் கேட்டு, கேட்க ஆள் இல்லாமல்.

மணி அடிக்கிற தங்கையா விளக்குமாற்றோடு நின்றான். சாவு மணி அடிக்கணும் என்றேன். "யாரு அண்ணாச்சி?" அடி என்றேன். "பாதிரி ஐயர்ட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா. ஆளு யாருன்னு சொல்லாம எப்படி அடிக்க? ஆம்பளையா, பொம்பளையா?" பொம்பளை என்றேன். அவன் முகம் மாறியது. என் பொத்தான் மாறின சட்டையைப் பார்த்தான். "டீச்சரா?" நான் ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவன் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கயிற்றைப் பிடித்தான். முதல் மணி விழுந்ததும் புறாக்கள் கிளம்பின. வாசற்படியில் உட்கார்ந்தேன். இரண்டாவது மணிக்கு வெகு நேரம் ஆகிற மாதிரி இருந்தது. சீக்கிரம் அடி வே என்று கத்தினேன். "சாவு மணிய சீக்கிரமா அடிக்க முடியுமா அண்ணாச்சி" என்றான் அழுதுகொண்டே. சனம் வர ஆரம்பித்தது. செல்லப்பா கடையை விட்டுவிட்டு வந்தான். வாட்ச்மேன் வந்தான். கோயில் பெண்கள் ஐக்கியத்துக்காரிகள் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. தங்கையா முகத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், தப்பாக. ஒருத்தி விம்மினாள். இப்பத்தானே போனாவ, நான்லா வணக்கம் சொன்னேன் என்று செல்லப்பா சொல்லிக்கொண்டே இருந்தான். நான் ரோட்டையே பார்த்தேன். மணி. யாரும் இல்லை. மணி. ஒரு ஆடு. மணி. வரமாட்டாள். காது கேட்காத தூரத்துக்குப் போயிருந்தால். தண்ணீருக்குள் மணி கேட்குமா. மணி. வா. லீதியாள், வா. உனக்குத்தான் அடிக்கிறேன், வந்து யார் என்று கேள். மணி.

மேற்கே வெயில் கண்ணைக் கூச வைத்தது. அதற்குள்ளிருந்து நீலம். வெறுங்கால், கால் எல்லாம் செம்மண். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வேகமாக, ஒருத்தரையும் பார்க்காமல். சனம் ரெண்டாகப் பிளந்து வழிவிட்டது. தங்கையா கயிற்றை விட்டுவிட்டான், அது தானாக மேலும் கீழும் ஆடியது. அவள் படியருகே வந்து மூச்சு வாங்கினாள். எல்லாரையும் பார்த்துவிட்டு, அதில் துக்கக்காரன் நான்தான் என்று கண்டுகொண்டாள். அது அவளுக்குத் தவறாது. என் முன்னால் வந்து குனிந்தாள். "யாரு போனது?" என்றாள். பின்னால் ஒருத்தி, ஐயோ டீச்சர் என்று ஆரம்பித்தாள். நான் கையை ஓங்கினேன், ஆரம்பித்தவள் அடங்கினாள். செல்லப்பா தலையைக் குனிந்துகொண்டான். ஊருக்கே தெரிந்துவிட்டது. தெரியட்டும்.

"என் சம்சாரம்" என்றேன்.

"எப்ப?"

"கொஞ்ச நாளாவே."

அவள் அதில் ஒன்றும் குறை காணவில்லை. தலையை ஆட்டினாள். "பொம்பளைங்க இருக்காங்களா வீட்டுல?"

"இல்ல."

"கவலைப்படாதீங்க. நான் வாரேன். வீடு பக்கமா?"

எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். காலையில் தட்டிவிட்ட அதே கை. டீச்சர் என்று நான் ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை, ஊர்தான் கூப்பிடும். "வாங்க டீச்சர்" என்றேன். செல்லப்பா தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தான். போட்டுக்கொண்டாள், பெரிசாக இருந்தது, டப் டப்பென்று அடித்துக்கொண்டு வந்தாள். யாரும் கூட வரவில்லை. வரவேண்டாம் என்று விளங்கிக்கொண்டார்கள்.

"பேரு என்ன?"

"லீதியாள்."

"கேட்ட பேரா இருக்கு" என்றாள். கொஞ்சம் நடந்தபின், "எப்படிப்பட்டவங்க? ரெண்டு வார்த்தை சொல்லுங்க. தெரியாத ஆளை நான் தொட மாட்டேன்."

எனக்குப் பேச வராது. யாரிடமும் வந்ததில்லை. வீட்டுக்குப் போனதும் எந்தக் கட்டிலைக் காட்டுவேன். வெறும் நாற்காலி, நனைந்த துண்டு, ஆறின சோறு. கதவைத் திறந்ததும் அவங்க எங்கே என்பாள். "டீச்சரா இருந்தா" என்றேன். "ம்" என்றாள். "தேரிக்காட்டுல போய் உக்காந்துக்கிடுவா. தண்ணி குடுத்தாலும் குடிக்க மாட்டா." "எதுக்கு?" "பிள்ளைகளைக் கூட்டியார." "நல்லதுதானே" என்றாள், கொஞ்சம் கண்டிப்பாக, அந்தப் பொம்பளைக்குப் பரிந்துகொண்டு. "சாதம் யாரு வடிப்பா வீட்டுல?" "நான்தான்." சிரித்தாள். ஒரு வருசமாகக் கேட்காத சிரிப்பு. "உங்களுக்குக் கோவம் வந்திருக்குமே." வந்தது என்றேன். இன்னும் சொல்லுங்க என்றாள். கம்பத்தைச் சொன்னேன். கட்டிங் பிளேயரைச் சொன்னேன். எங்கள் தெரு திரும்புகிற இடம் வந்தது. இங்கிருந்தே வெளிக்கதவும் தொங்குகிற சங்கிலியும் தெரிந்தன. "இதுவா?" என்றாள்.

"இல்ல, இன்னும் கொஞ்சம் போணும்" என்றேன். நேரே நடந்தோம்.